வாங்கும் சக்திக்கு உட்பட்ட நிழல்

மரத்தைப் பெரியம்மா ஒரு விரலால் தொட்டார். அது விரலோடு வந்துவிட்டது.

ஆயர் கெரோ பக்கம் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் விற்பனைக் கூடம். குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. நடுவில் பெரிய மேசை, அதன்மேல் வரப்போகும் தாமானின் மாதிரி. தீப்பெட்டி வீடுகள், கறுப்புத் தாள் சாலைகள், நகம் அளவுக் கார்கள், கடுகு அளவு மனிதர்கள். மனிதர்கள் அத்தனை பேரும் வெள்ளை. அது வேறு கதை. சாலையோரம் வரிசை வரிசையாகப் பச்சைச் சாயம் தோய்த்த ஸ்பாஞ்சு உருண்டைகள், கம்பியில் குத்தி நட்டவை. அதில் ஒன்றுதான் பெரியம்மாவின் ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

"இது என்னா மரம்மா?" என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டார். முப்பத்தெட்டு வருசம் பால் வெட்டியவர், ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல். மரத்தைக் கண்டால் பேர் கேட்காமல் அவரால் நகர முடியாது.

அந்தப் பிள்ளை கையேட்டைப் புரட்டியது. "அது லேண்ட்ஸ்கேப், ஆன்ட்டி."

"காய்க்குமா?"

"காய்க்காது ஆன்ட்டி. காய்ச்சா கீழ நிக்கிற காடி மேல விழும்."

பெரியம்மா தலையாட்டினார். காடி மேல் விழக் கூடாதுதான். அந்தப் பச்சை உருண்டையைக் கைக்குட்டையில் துடைத்துத் திரும்ப நட்டு, விழாமல் இருக்கச் சுற்றிலும் இரண்டு தட்டுத் தட்டினார். கன்று நட்டால் மண்ணை அழுத்தி விடுவார்களே, அதே தட்டு.

நம் பாஷைக்கு ஒரு குசும்பு உண்டு. கித்தா எஸ்டேட்டுக்கு, அதாவது ரப்பர் எஸ்டேட்டுக்கு, நம் முன்னோர் வைத்த பெயர் தோட்டம். மலாய்க்காரர்கள் வீடமைப்புப் பகுதிக்கு வைத்த பெயர் தாமான். தாமான் என்றாலும் தோட்டம்தான். ஆக, மலாக்கா மாநிலத் தமிழனின் நூறு வருட வரலாற்றை ஒரே வரியில் எழுதிவிடலாம்: தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் குடிபோனான். முதல் தோட்டத்தில் மரம் இருந்தது, அது அவனுடையதில்லை. இரண்டாவதில் வீடு அவனுடையதாக இருக்கலாம், வங்கி மனம் வைத்தால். மரம் மட்டும் ஸ்பாஞ்சு.

இந்த ஊரின் பெயரே ஒரு மரம். வேட்டைக்கு வந்த பரமேஸ்வரன் ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்தாராம். குட்டிச் சருகுமான் ஒன்று அவருடைய நாயை ஆற்றில் உதைத்துத் தள்ளியதைப் பார்த்து வியந்து, இது என்ன மரம் என்று கேட்டாராம். மலாக்கா மரம் என்றார்களாம். அந்த மரம் வேறெதுவுமில்லை, நம்ம நெல்லி. ஔவைக்கு அதியமான் கொடுத்த அதே நெல்லி. பரமேஸ்வரனும் மரத்தைக் கண்டதும் பேர்தான் கேட்டிருக்கிறார், பெரியம்மா மாதிரி. இன்று அவர் மரத்தடியில் சாய வந்தால் நடப்பது வேறு. நுழைவாயிலில் தடுப்புக் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் காவலாளி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த வீட்டுக்கு, யாரைப் பார்க்க, நாய்க்கு லைசன்ஸ் உண்டா என்று கேட்பார்.

இன்னொரு மரமும் இங்குதான் வேரூன்றியது. 1896-இல் டான் சாய் யான் என்ற மலாக்கா பாபா, புக்கிட் லிந்தாங்கில் கித்தா நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் கித்தாத் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அப்புறம் இந்த நாடு முழுக்கக் காடு அழிந்து நிரை நிரையாகக் கித்தா நின்றது. அந்த நிரைகளைக் கயிறு பிடித்து, குழி வெட்டி, கன்று வைத்து, களை பிடுங்கி, பாம்புக்கும் மலேரியாவுக்கும் பிள்ளைகளைக் கொடுத்து நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் யார் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரு தேசத்தின் பச்சையை வரிசை பிசகாமல் நட்ட கூட்டத்துக்கு நிலவனப்புக் கலைஞர் என்று யாரும் விருது கொடுத்ததாகத் தெரியவில்லை. கூலி என்று பெயர் கொடுத்தார்கள். அதில் கொஞ்சம் பிடித்தமும் போனது.

லயத்து வீட்டின் தத்துவம் எளிது. பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கில், பேர் இருக்கும்வரை வீடு. பேர் அடித்தால் வீடும் அடிபடும். ஐம்பத்தைந்து வயதில் கை ஓய்ந்ததும், அந்தக் கையால் பூசிய சுவர், அந்தக் கையால் நட்ட முருங்கை, கோயில் திடல், பிள்ளையைப் புதைத்த மேடு எல்லாவற்றையும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளும். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீட்டுத் திட்டம் என்ற பேச்சு துன் ரசாக் பிரதமராக இருந்த காலத்திலேயே, 1970-களிலேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டு ஆகிறது. அந்தத் திட்டம் ஒரு மனிதராக இருந்தால் இந்நேரம் வேலை ஓய்வை நெருங்கி, வீடில்லாமல் நின்றிருக்கும்.

நம்மவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார். 1967-இல் புக்கிட் அசஹான் தொழிலாளர்கள் சட்டி முட்டியைக் கட்டிக்கொண்டு, நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரைக்கும் நடந்தே போனார்கள். நூறு மைலுக்கு மேல். அந்தப் பாதையில் இன்று நடைபாதை போட்டு, இரண்டு பக்கமும் பூச்செடி வைத்து, பாரம்பரிய நடை என்று பலகை மாட்டலாம். மலாக்காக்காரர்களுக்கு அது கைவந்த கலை. காற்றாடிக்கு அருங்காட்சியகம் உண்டு, அழகுக்கு அருங்காட்சியகம் உண்டு, உடைந்த கப்பலுக்கு நகல் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். நடந்தே போன சனத்துக்கு ஒரு கல்லாவது உண்டா என்று தேடிப் பாருங்கள்.

சரி, தோட்டம் எப்படித் தாமான் ஆகிறது? மந்திரம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. நிலப் பட்டாவில், நம் ஆட்கள் கெரான் என்பார்களே, அதில் நில வகை என்று ஓர் இடம். அங்கே விவசாயம் என்று இருப்பதை அடித்துக் கட்டடம் என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான். மண் அதே மண், மழை அதே மழை. விலை மட்டும் ஏறி எங்கேயோ போய்விடும். முப்பத்தெட்டு வருசம் சுரண்டிச் சுரண்டி மரத்திலிருந்து எடுத்த பாலைவிட, ஒரு பேனா ஒரு நொடியில் கறப்பது அதிகம். பேனா பிடித்தவருக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கும் வேலையும் இல்லை. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைக் கைமாற்றவோ கூறுபோடவோ வேண்டுமென்றால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு. வாரியத்தின் பெயரிலேயே தோட்டம் இருக்கிறது, நிலம் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

இப்போது அந்தப் பொன்னான தொடருக்கு வருவோம். வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடு. நம் நாளிதழ்களில் வாரம் நாலு தடவை அச்சாகும் தொடர். யாருடைய சக்தி என்று ஒரு தலைப்பிலும் போட்டதில்லை. கசானா ஆய்வுக் கழகம் 2015-இல் ஓர் அறிக்கை விட்டது. நடுத்தர வீட்டு விலை, நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் அந்த ஊர் வீடு கட்டுப்படியாகும் என்று கணக்கு. நாடு முழுக்க 4.4. கோலாலம்பூர் 5.4, பினாங்கு 5.2. மலாக்கா மட்டும் அழகாக 3.0. பாஸ். நாட்டிலேயே நாம்தான் பாஸ் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

கணக்கில் தப்பில்லை. மாநிலத்துக் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவரை அழைத்துக் கேட்டால் கட்டுப்படியாகும் என்கிறார். வரிசையின் கடைசியில் பிளாஸ்டிக் செருப்போடு நிற்கும் பெரியம்மாவை யாரும் அழைக்கவில்லை. அவரை அழைத்தது அந்தக் கூடத்தின் கடன் அதிகாரி மட்டும்தான். வயது கேட்டார்; அறுபத்திரண்டு. சம்பளச் சீட்டு கேட்டார், சிரித்தார். சேமநிதிக் கணக்கு கேட்டார். அது மூத்தவன் கல்யாணத்தில் சோறாகிப் பந்தியில் போய்விட்டது. அதிகாரி கணினியில் எதையோ தட்டி, "சிஸ்டம் ஏத்துக்கல" என்றார். மனிதர் வேண்டாம் என்று சொன்னால் எதிர்த்துப் பேசலாம், சாபம் விடலாம். சிஸ்டத்துக்கு ஏது தாய் தகப்பன்?

"மலிவு விலை வீடு இருக்கே?" என்று நான் கேட்டேன். இருக்கிறது. 1980-களின் தொடக்கத்திலிருந்தே, தனியார் மேம்பாட்டாளர் கட்டுவதில் முப்பது விழுக்காடு மலிவு விலையாக இருக்க வேண்டும் என்று கொள்கை. அப்போது விலை 25,000 வெள்ளி. 1998-இல் இடத்துக்குத் தகுந்தபடி 42,000 வரை போகலாம் என்றார்கள். விற்பனைப் பெண் மேசையின் கோடிக்கு எங்களை அழைத்துப்போனது. மாதிரியின் கடைசி மூலை. துணை மின்நிலையம், கழிவுநீர்க் குளம், உயர் அழுத்தக் கம்பி மூன்றும் கைகோத்து நிற்கும் இடத்தில் ஐந்து மாடியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. மின்தூக்கி கிடையாது. மற்ற வீடுகளுக்குச் சன்னல் செதுக்கிய கை, இதற்கு வந்தபோது ஓய்ந்திருக்கிறது. பேனாவால் நாலு கோடு. மரம் ஒன்றுகூட இல்லை. பசை தீர்ந்துபோயிருக்கலாம்.

"இது என்னா, ஊத்தா?" என்று பெரியம்மா நீலத்தில் பூசிய பள்ளத்தைக் காட்டினார்.

"வெள்ள நீர் தேங்குற குளம், ஆன்ட்டி. உங்க பிளாக்குலேர்ந்து பார்த்தா நல்லாத் தெரியும்."

முன்வரிசைக்காரனுக்குக் குளத்தருகே வீடு என்றால் ஏரிக் காட்சி, அதற்குத் தனி விலை. பின்வரிசைக்காரிக்கு அதே குளம் கொசு. ஒரு நீர்நிலை இரண்டு பெயர் வாங்கும் அதிசயம் திருவிளையாடலில்கூட இல்லை.

பத்து விழுக்காடு நிலம் திறந்த வெளியாக இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டல் உண்டு. இருக்கிறது, எங்கள் தாமானிலும் இருக்கிறது. சாலைகள் எல்லாம் போட்டு, வீடுகள் எல்லாம் வைத்து, எதற்கும் உதவாமல் மிச்சம் விழுந்த முக்கோணத்துக்குத் திறந்த வெளி என்று பெயர். தையல்காரர் வெட்டி மிஞ்சிய துணியைக் குழந்தைக்குக் கோவணம் ஆக்குவதுபோல. நடுவில் ஓர் ஊஞ்சல், ஒரு பக்கச் சங்கிலி அறுந்தது. ஒரு சறுக்குப் பலகை, வெயிலில் தொட்டால் தோல் உரியும். நிழல் இல்லாத இடத்தில் பிள்ளைகள் எப்படி விளையாடும் என்று கேட்டால், அதனால்தான் பிள்ளைகள் வருவதில்லை, பார்த்தீர்களா, விளையாட்டுத் திடலுக்குத் தேவையே இல்லை என்று பதில் வரும். அடுத்த வருசம் அங்கே நாலு கடை எழும்.

மரம் நடுவதில் இந்த நாட்டுக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1997 மார்ச் 3 அன்று, ஒரே நிமிடத்தில் 110,461 மரம் நட்டு உலக சாதனை செய்த நாடு இது. ஒரே நிமிடம்! ஒரு கன்றுக்குக் குழி வெட்டவே எங்கள் தாத்தாவுக்குக் கால் மணி ஆகும். கிழவன் சோம்பேறியாக இருந்திருக்க வேண்டும். மலாக்காவும் சளைத்ததில்லை. 2010 அக்டோபர் 20 இரவு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, அதாவது 20.10.2010 அன்று 20.10 மணிக்கு, வளர்ந்த மாநிலமாகத் தன்னைத்தானே அறிவித்துக்கொண்டது. கூடவே பசுமைத் தொழில்நுட்ப நகர மாநிலம் என்ற அடைமொழியும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பதில் நம் ஐயர்கள் தோற்றார்கள். அதே மாதத்தில் ஆற்றோரம் ஓடத் தொடங்கிய மோனோரெயில், தொடங்கிய சூட்டிலேயே நடுவழியில் நின்றது. முகூர்த்தத்தில் ஏதோ கோளாறு.

பண்டார் ஹிலிர் திடலைப் பாருங்கள். 1956 பிப்ரவரி 20 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டுக்குச் சுதந்திரத் தேதியை அறிவித்த புல்வெளி. இன்று அந்தப் புல்லுக்கு அடியில் பேரங்காடி. புல் கூரைமேல் இருக்கிறது. சுதந்திரம் மிதித்த மண்ணைத் தொட வேண்டுமென்றால் செருப்புக் கடைக்கு மேல் ஏற வேண்டும்.

நிலம் போதாதோ என்று கடலையும் நிரப்பினார்கள். 2014-இல் ஆயிரக்கணக்கான கோடி வெள்ளி என்று பறைசாற்றி மலாக்கா கேட்வே தொடங்கியது. செயற்கைத் தீவுகள், உல்லாசக் கப்பல் துறைமுகம், வானத்தைத் தொடும் மாடிகள். 2020 நவம்பரில் மாநில அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கடலுக்குள் கொட்ட மண் கிடைத்தது, காசு கிடைத்தது, அனுமதி கிடைத்தது. ஐந்நூறு மரம் வெட்டிய கிழவி ஒரு முருங்கைக் குச்சி ஊன்ற மூன்றடி மண் கேட்டால் மாநிலத்தில் நிலப் பற்றாக்குறை.

இன்னொன்று. 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா முழுக்க வாளியோடு தண்ணீர் லாரிக்கு வரிசை பிடித்தது. அப்போது குடம் தூக்கியவர்களுக்கு இன்னும் தோள் வலிக்கிறது. அந்த ஊரில்தான் விற்பனைக் கூடத்தின் முகப்பில் நாள் முழுக்கக் குழாய் சுற்றிச் சுற்றிப் புல்லுக்குப் பீய்ச்சுகிறது. இரவானால் சாலையோரம் பிளாஸ்டிக் தென்னைகள் சிவப்பும் ஊதாவுமாக எரிகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம், உண்மைதான். நிழலும் தராது, தேங்காயும் தராது, காடி மேல் விழவும் விழாது. லேண்ட்ஸ்கேப்பின் முக்தி நிலை அதுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் யாரோ செய்தார்கள் என்று எழுதிவிட்டுப் போனால் என் சோறு செரிக்காது. தோட்டத்திலிருந்து முதலில் தப்பி வந்து, படித்து, வக்கீலாகி, டாக்டராகி, என்னைப்போல் பேனாவும் பிடித்து, கம்பம் போட்ட தாமானில் வீடு வாங்கியவர்கள் நாம். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் மலிவு விலை பிளாக்குக்காரர்கள் நம் சாலை வழியாகக் கோயிலுக்கு நடந்து போவதால் பாதுகாப்பு கெடுகிறது, ஒரு வேலி போட வேண்டும் என்று கை தூக்கியவர்களும் நம்மவர்களே. அன்றைக்கு நான் கை தூக்கவில்லை. தடுக்கவும் இல்லை. செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலி இப்போது இருக்கிறது. அதன்மேல் பூங்கொடி படர விட்டிருக்கிறோம், பார்க்க அழகாக இருக்கிறது. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய் அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஒய்பி-க்களுக்கு வாசல் திறக்கும் சாவி எங்களிடம்தான்.

காஜா பேராங்கில் கம்போங் செட்டி இருக்கிறது. சுல்தான் காலத்து வணிகரின் வழிவந்தவர்கள். தமிழை மறந்தார்கள், மாரியம்மனை மறக்கவில்லை. 2014-இல் அவர்கள் கோயில்களின் தலைக்கு மேல் அடுக்குமாடி எழும்பப்போகிறது என்றதும் பதறிக் குரல் கொடுத்தார்கள். உலகப் பாரம்பரிய நகரம் என்று 2008-இல் யுனெஸ்கோ பட்டம் கொடுத்த அதே ஊரில். ஐந்நூறு வருசத்துக்கு மேல் பழையவனுக்கே அந்தக் கதி என்றால், நேற்று வந்த லயத்துக்காரி எந்த மூலை?

பெரியம்மாவுக்கு வீடு கிடைக்கவில்லை. இளைய மகன் வாடகைக்கு எடுத்த பிளாட்டில், நான்காம் மாடியில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டதால் கீழே இறங்குவது மாதத்தில் இரண்டு தடவை. கதவுக்கு வெளியே பொது நடைபாதையில், பழைய சாய வாளியில் ஒரு நெல்லிக் கன்று. தோட்டத்துக் கோயிலை இடித்த அன்று அதன் பின்னால் இருந்த மரத்தின் அடியில் பொறுக்கிய விதை. அரிசி கழுவிய தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறார். இடுப்பு உயரம் வந்துவிட்டது. மெல்லிய இலைகள், மாலையானால் மூடிக்கொள்ளும்.

போன மாதம் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கட்டடத்தின் ஒரே சீரான தோற்றத்துக்கு இடையூறாக உள்ள தொட்டிச் செடியைப் பதினான்கு நாளில் அகற்ற வேண்டும், தவறினால் அபராதம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எல்லா அலுவலகத்திலும் அந்த நோட்டீஸ் ஒரே அச்சில்தான் வருகிறது. பெரியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏண்டா, நீ பேப்பர்ல எழுதுறவன்தானே? ஒரு சுராட் எழுதிக் கொடு. மரியாதையா எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மலாயில் அனுப்பியது இதுதான்:

மதிப்புக்குரிய ஐயா, உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. செடியை எடுத்துவிடுகிறேன், அபராதம் போட வேண்டாம். ஒரு சின்ன உதவி. கவர்மெண்டு ஆளுக்கு ஒரு மரம் நட்டதாக முன்பு ரேடியோவில் சொன்னார்கள். என் பங்குக்கு நட்டது எங்கே நிற்கிறது என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும். தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, மகனை வண்டி எடுக்கச் சொல்கிறேன். இந்தச் செடியை அது பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டுக்கும் நானே வந்து தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். எனக்கு மரம் பார்த்துப் பழக்கம் உண்டு.

கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் கைநாட்டு வைத்தார். பதினான்கு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. பதில் வரவில்லை. வாளி அதே இடத்தில்தான் இருக்கிறது; ஆள் வரும் சத்தம் கேட்டால் இழுத்து உள்ளே வைத்துவிடுகிறார்.